மூத்த மகளின் ஒரு மணி நேரம்

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டைச் சற்று மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். பொழுது இன்னும் புலரவில்லை. பள்ளிவாசலிலிருந்து சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கிறது. வீட்டில் முதலில் எழுந்தவர் உம்மா. அவருக்குப் பின்னால், கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருகிறாள் மூத்த மகள்.

உம்மா அடுப்பை மூட்டுகிறார். மகள் தம்பிமாரை எழுப்புகிறாள். தொழுகை முடிகிறது. ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான் பூட்ட வேண்டும். ஒருத்திக்குத் தலை பின்ன வேண்டும். தேத்தண்ணி ஊற்றுபவளும் அவள்தான். பாடசாலை விட்டு வந்ததும் சிறியவர்கள் குர்ஆன் ஓதப் போகிறார்கள். போகுமுன், நேற்று ஓதியதை ராத்தாவிடம் ஒருமுறை ஓதிக் காட்டுகிறார்கள். மஃரிபுக்குப் பிறகு விளக்கின் கீழ் பாய் விரிகிறது. ஒருவன் வாய்ப்பாடு ஒப்புவிக்கிறான். ஒருத்தி ஆனா ஆவன்னா எழுதுகிறாள். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நிற்பவனுக்கு ஒரு கணக்கு விளங்கவில்லை. எல்லோருக்கும் நடுவில் ராத்தா அமர்ந்திருக்கிறாள். அவளுடைய சாதாரண தரப் புத்தகம் மடியில் மூடியபடியே கிடக்கிறது.

இது பக்கத்து வீட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். பாங்கொலிக்குப் பதிலாகக் கோயில் மணியை வையுங்கள். மாலையில் பாயில் அமர்ந்து செபமாலை சொல்லும் குடும்பத்தை வையுங்கள். ராத்தாவை அக்கா என்று அழையுங்கள். மீதியெல்லாம் அப்படியே நம் வீட்டுக் கதைதான். ஒரே கடற்கரையில் வாழ்கிறோம். ஒரே தமிழில் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். ஆதலால் ஒரே கேள்வி நம் எல்லோருடைய வாசலிலும் நிற்கிறது. பிள்ளைகள் நிறைந்த வீடு ஒரு நல்ல பள்ளிக்கூடம் என்கிறோம். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒழுங்கு யாருடைய தோளில் நிற்கிறது?

வீடு பள்ளிக்கூடம் என்பது புதிய எண்ணமன்று. இஸ்ராயேல் மக்களுக்குக் கட்டளைகளைக் கொடுத்தபோது மோயீசன் பெற்றோருக்கு ஒரு பொறுப்பையும் கொடுத்தார். வீட்டில் இருக்கும்போதும், வழி நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பணித்தார். நாள் முழுவதும் பாடவேளைதான் என்பது அதன் பொருள். 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள் வெளியான கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளின் முதலாவதும் முதன்மையானதுமான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அதற்கு முந்திய ஆண்டு சனவரி 5ஆம் நாள் நாசரேத்துக்கு யாத்திரை சென்ற பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், திருக்குடும்பம் வாழ்ந்த அந்தச் சிற்றூரையே ஒரு பள்ளிக்கூடமாகக் கண்டார். மௌனம், குடும்ப வாழ்வு, உழைப்பு ஆகிய மூன்றும் அங்கே படிக்கக் கிடைக்கும் பாடங்கள் என்றார். நம் ஆண்டவர் போதித்தலில் செலவிட்ட காலம் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். வீட்டின் அன்றாட ஒழுங்கில் செலவிட்டதோ ஏறக்குறைய முப்பது.

இந்த உண்மையை நாம் மறந்திருந்தாலும் 2020ஆம் ஆண்டு நினைவூட்டியது. கொரோனாத் தொற்றின் காரணமாக அவ்வாண்டு மார்ச் 13ஆம் நாள் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மீண்டும் மூடியும், 2021 ஒக்டோபரில் படிப்படியாகத் திறக்கத் தொடங்கும் வரை நம் வீடுகளே பாடசாலைகளாயின. உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே காலத்தில் வீட்டிலிருந்து படிக்க நேர்ந்தது. மேல்நாடுகளில் விரும்பியே பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பெரிய குடும்பங்கள் பல உண்டு. கத்தோலிக்கக் குடும்பங்களும் அவற்றில் உண்டு. நாமோ விரும்பிச் செய்யவில்லை. எனினும் செய்தோம்.

அந்நாட்களை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஐந்து பிள்ளைகள், கைத்தொலைபேசி ஒன்று. ஆசிரியர்கள் அனுப்பிய பாடங்கள் ஐந்து வகுப்புக்கும் அந்த ஒரு கருவியிலேயே வந்து விழுந்தன. யாருக்கு முதலில் கொடுப்பது? அடம்பிடித்தவனுக்குக் கொடுத்த வீடுகள் உண்டு. பரீட்சைக்கு நின்றவனுக்குக் கொடுத்த வீடுகளும் உண்டு. விட்டுக்கொடுத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது மூத்த பெண் பிள்ளையாகவே இருந்திருக்கும். யாரும் அவளை விட்டுக்கொடு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவளே கொடுத்திருப்பாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை என்று நாமும் மகிழ்ந்திருப்போம்.

அங்கேதான் ஒழுக்கவியல் கேள்வி ஒன்று எழுகிறது. ஒரு பிள்ளை அன்பினால் தருவதை, குடும்பம் உரிமையாக எடுத்துக்கொள்ளலாமா?

இதற்கு விடை தேட, கல்முனை வாசகர்கள் அறிந்த ஒரு பெயரிலிருந்து தொடங்குவோம். கல்முனையில் உவெஸ்லி உயர்தரப் பாடசாலை இருக்கிறது. 1814இல் வில்லியம் ஓல்ட் என்னும் மிஷனரி மட்டக்களப்பில் வந்திறங்கிய காலந்தொட்டு, மெதடிஸ்த சபையார் இக்கரையில் செய்த கல்விப் பணி பெரிது. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் இளமையில் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்து, பின்னர் மட்டக்களப்பில் நமது புனித மிக்கேல் கல்லூரிக்குச் சென்றவரே. அந்தச் சபையைத் தோற்றுவித்த யோன் உவெஸ்லியின் பெயரை நாம் அறிவோம். அவருக்கு எழுத்தறிவித்த ஆசிரியரை அறிந்தவர் குறைவு. அந்த ஆசிரியர் அவருடைய தாய், சூசன்னா உவெஸ்லி.

சூசன்னா 1669இல் இலண்டனில் பிறந்தார். அவர் தம் தந்தையாருக்கு இருபத்தைந்தாவது பிள்ளை என்று கூறப்படுகிறது. அவர் பெற்ற பிள்ளைகள் பத்தொன்பது. தப்பி வளர்ந்தவர்கள் பத்துப் பேர். கணவர் எப்வர்த் என்னும் சிற்றூரில் ஒரு குருவானவர்; கையில் காசு தங்காதவர்; கடனுக்காகச் சிறை சென்றவர். அந்த வறிய வீட்டில் சூசன்னா ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பகல் இரண்டு முதல் ஐந்து வரை பாடம். தொடக்கத்திலும் முடிவிலும் சங்கீதம் பாடுவார்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் எழுத்துக் கற்பிக்க ஒரு முழு நாள் ஒதுக்கப்படும். அன்று வீட்டு வேலையெல்லாம் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டு, அந்த ஆறு மணி நேரமும் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. அந்த ஒரு நாளில் அனைவரும் எழுத்துகளைக் கற்றார்கள். இரு பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்றாம். மாலை ஐந்து மணிக்கு மூத்தவர் பேசத் தெரிந்த கடைக்குட்டியை அழைத்துக்கொள்வார். அடுத்தவர் அதற்கு மேலுள்ளதை. இப்படி இருவர் இருவராக அமர்ந்து வேதாகமம் வாசிப்பார்கள்.

பார்த்தீர்களா? நம் வீட்டுப் பாயில் ராத்தாவும் தம்பியும் அமர்ந்திருக்கும் காட்சி முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் இருந்தது. ஆனால் ஒரு வேற்றுமை. அங்கே மூத்தவர் எல்லோரையும் சுமக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒருவர் என்று சுமை பகிரப்பட்டது. ஆண் பிள்ளையும் அதில் விலக்கல்ல.

அவரிடம் நாம் கொள்ளத்தகாததும் உண்டு. பிள்ளையின் சுயவிருப்பத்தைச் சிறு வயதிலேயே முறித்துவிட வேண்டும் என்று அவர் நம்பினார். ஒரு வயதுக் குழந்தைக்கும் பிரம்பைக் காட்டினார். அடிபட்ட பிள்ளை மெதுவாகவே அழ வேண்டும். இதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. வீட்டில் அமைதி நிலவுவது நல்லது. ஆனால் அழப் பயந்த பிள்ளைகளால் உண்டான அமைதி, அமைதி ஆகாது.

எனினும் அவருடைய இரு விதிகள் நம் சிந்தனைக்கு உரியவை. முதலாவது, நன்றாக வாசிக்கப் பழகும் வரை எந்தப் பெண் பிள்ளையையும் தையல் வேலையில் அமர்த்தக்கூடாது. பெண் பிள்ளைகளை வாசிப்பு வருமுன் தையலுக்கு உட்காரவைப்பதால்தான் பெண்களுள் நன்றாக வாசிப்பவர் அரிதாக இருக்கிறார்கள் என்று அவர் 1732இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். இரண்டாவது, கிழமையில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளைக்கு உரியது. 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். திங்கள் ஒருத்திக்கு; வியாழன் யோனுக்கு; சனி சார்ள்ஸுக்கு. அந்த வேளையில் அந்தப் பிள்ளையோடு தனியே அமர்ந்து அதன் உள்ளத்தைக் கேட்பார். மூத்த பெண் மக்கள் இருவருக்கும் ஞாயிறு ஒன்றைப் பங்கிட்டுக் கொடுத்தார். மூத்த பெண்ணுக்குப் பங்கு சற்றுக் குறைவது அங்கும் இருந்தது போலும்! ஆனாலும் அவர்களுக்கு என்று ஒரு நாள் இருந்தது. அதுதான் பெரிது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பெரிய குடும்பத்துக்கு ஒழுங்கு ஏன் வேண்டும்? வேலை விரைவாக முடிய என்று சிலர் சொல்வார்கள். பிள்ளைகள் அடங்கி நடக்க என்று சிலர் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு. ஒழுங்கில்லாத வீட்டில் அன்பு சத்தம் போடுபவனிடம் போய்விடும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நம்மவர் சொல்வது அதனால்தான். அழாத பிள்ளைக்கும் பால் கிடைக்கச் செய்வதே ஒழுங்கு. ஆகவே வீட்டின் நேர அட்டவணை நீதியின் ஒரு வடிவம். இருப்பதை இத்தனை பேருக்குப் பகிர்வதற்கு அன்பு கண்டுபிடித்த வழி அது.

இந்த ஒழுங்கின் அருமை அது உடையும்போதுதான் தெரியும். 1709இல் எப்வர்த் வீடு தீக்கிரையானது. ஐந்து வயது யோன் மேல்மாடி யன்னல் வழியாகக் காப்பாற்றப்பட்டான். பிள்ளைகள் பல வீடுகளில் பிரிந்து வாழ நேர்ந்தது. பழகிய நல்ல ஒழுங்குகள் சிதறின. பின்னர் எல்லோரும் ஒன்றுசேர்ந்தபோது தாய் முதலில் திருத்தி அமைத்தது அன்றாட ஒழுங்கையே. நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனையையும் பாண்டிருப்பையும் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் அடித்துச் சென்றபோது, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறி வாழ்ந்தவர்கள் நாம். அந்நாட்களில் இன்ன வேளைக்குச் சோறு, இன்ன வேளைக்குச் செபம், இன்ன வேளைக்குப் படிப்பு என்று ஒரு நாளை மீண்டும் கோத்தெடுத்த தாய்மார், கட்டடம் எழுமுன்னரே வீட்டைக் கட்டியவர்கள்.

ஆனால் நீதிக்காக ஏற்பட்ட ஒழுங்கு ஒருத்திக்கு மட்டும் அநீதி செய்தால் என்ன? அவளுடைய உழைப்பினால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கிறது. அவளுக்கு மட்டும் இல்லை. அவள் முறைப்பாடு சொல்வதில்லை என்பது நமக்கு ஒரு சாட்டாகிவிடுகிறது. அவள் பொறுப்பான பிள்ளை என்று நாம் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சியே அவளைக் கட்டிப்போடும் கயிறாகிறது.

பெத்தானியா வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாள் அடுப்படியில், மரியாள் ஆண்டவரின் பாதத்தடியில். எத்தனையோ பிரசங்கங்களில் மார்த்தாளைக் குறை சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆண்டவர் கண்டித்தது அவளுடைய வேலையை அன்று, அவளை அலைக்கழித்த கவலையைத்தான். கேட்டிருந்து கற்கும் பங்கு மரியாளிடமிருந்து எடுக்கப்படாது என்றார். ஒரு பெண் கற்பதற்கு அமர்ந்த இடத்தைக் காத்துக் கொடுத்தவர் அவர். அந்த இடம் மார்த்தாளுக்கும் மூடியிருக்கவில்லை. பானையை இறக்கிவைக்க இன்னொரு கை இருந்திருந்தால் அவளும் வந்து அமர்ந்திருப்பாள் அன்றோ? நம் வீட்டு மார்த்தாளுக்கு அந்த இன்னொரு கை யாருடையது? தம்பிக்கும் இரண்டு கைகள் உண்டு. அப்பாவுக்கும் உண்டு.

சூசன்னாவின் காலத்தில் ஒரு தடை இருந்தது. அவருடைய ஆண் மக்கள் மூவரும் இலண்டன் பாடசாலைகளுக்கும் ஒக்ஸ்பேட் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். எட்டு வயதிலேயே கிரேக்கம் வாசித்ததாகச் சொல்லப்படும் மகள் ஹெட்டிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. பெண்களுக்கு அன்று பல்கலைக்கழகம் இல்லை. அவளுடைய இல்வாழ்வும் துயரமாகவே முடிந்தது. நமக்கோ அந்தச் சாட்டு இல்லை. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். இன்று 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயமும்கூட. கல்முனையில் கார்மேல் பற்றிமா கல்லூரியும் மஹ்மூத் மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. ஒலுவிலில் பல்கலைக்கழகமே இருக்கிறது. வெளிக்கதவுகள் திறந்துவிட்டன. இன்னும் ஏதேனும் கதவு மூடியிருந்தால் அது வீட்டுக்குள்ளே இருக்கும் கதவுதான்.

நம் கரையின் ஒரு வழக்கத்தை இங்கே எண்ணிப் பார்க்கிறேன். தமிழரிலும் சரி, முஸ்லிம்களிலும் சரி, இங்கே வீடு மகளுக்குத்தான். சீதன வீடு கட்டுவதற்காகத் தந்தை கடலிலும் வயலிலும் தறியிலும் மெலிகிறார். அண்ணன்மார் மத்திய கிழக்கு வெயிலில் கருகுகிறார்கள். கல்லும் சீமெந்தும் கொண்ட வீட்டையே மகளுக்குக் கொடுக்கத் தயங்காதவர்கள் நாம். அதே வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தை அவளுக்குக் கொடுக்க ஏன் மறந்துபோகிறோம்? வீட்டுக்கு உரிமைக்காரி என்று எழுதிக் கொடுப்பது அவளுடைய திருமணத்தின்போது. நேரத்துக்கு உரிமைக்காரி என்று ஒப்புக்கொள்ள அதுவரை காத்திருக்க வேண்டுமா?

சிலர் கேட்கலாம்: “குடும்பத்துக்காகத் தியாகம் செய்வது கிறிஸ்தவப் புண்ணியம் அல்லவா? மூத்தவள் உழைத்துப் பழகுவது நல்லதல்லவா?” நல்லதுதான். தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளை பாடத்தை இருமுறை படித்த பிள்ளை. பசித்திருக்கும் சிறியவனுக்கு முதலில் பரிமாறப் பழகிய கை, நாளை எந்த வீட்டிலும் எந்த வேலையிலும் தாழ்ந்து போகாது. பெரிய குடும்பம் தரும் இந்தப் பாடம் எந்தப் பள்ளியிலும் கிடையாது. ஆனால் தியாகம் என்பது தானாகத் தருவது. வேறு வழியில்லாதவளிடம் எடுத்துக்கொள்வதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டக்கூடாது. சிலுவையை ஆண்டவர் தாமே தம் தோளில் ஏற்றார். பிறர் தோளில் ஏற்றிவிட்டு அவர்களைப் புகழவில்லை. அவருக்கே வழியில் ஒரு சீமோன் துணைக்கு வந்தார் என்பதையும் மறவாதிருப்போம்.

இன்னும் சிலர் சொல்லலாம்: “தகப்பன் இரவில் கடலுக்குப் போகிறார்; தாய் நாள் முழுவதும் மாய்கிறாள். ஆளுக்கொரு மாலை கொடுக்க நாங்கள் எங்கே போவது?” நியாயமான கேள்வி. சூசன்னா கொடுத்தது மாலை முழுவதையும் அன்று. அவருக்கு முடிந்த அளவு நேரத்தைத்தான். கால் மணி நேரமென்றாலும் போதும். அந்தக் கால் மணி நேரம் இன்னாருக்கு உரியது, அதை வேறு யாரும் எடுக்க முடியாது என்பதே முக்கியம்.

ஆகவே, அன்பு வாசகரே, இந்தக் கிழமை ஒரு சிறு காரியம் செய்வோம். செபமாலை முடிந்ததும் ஒரு தாளை எடுங்கள். வீட்டு வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போது அதைச் செய்பவரின் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பின்பு அந்தப் பெயரிலிருந்து இரண்டு வேலைகளை எடுத்து இன்னொருவருக்குக் கொடுங்கள். கோப்பை கழுவுவதால் எந்த ஆண் பிள்ளையும் குறைந்துபோவதில்லை. விடுபட்ட நேரத்தில் மூத்த மகள் தன் புத்தகத்தைத் திறக்கட்டும். வேளை வந்ததும் தம்பி கூப்பிட்டால், “அக்காவுக்கு இப்போது பாடம்” என்று நீங்களே பதில் சொல்லுங்கள். கிழமையில் ஒரு மாலை, அவளிடம் எந்த வேலையும் சொல்லாமல், அவளோடு அமர்ந்து அவள் பேசுவதைக் கேளுங்கள்.

யோன் உவெஸ்லி வளர்ந்து, படித்து, ஒக்ஸ்பேட்டில் தாமே பிறருக்குக் கற்பித்த காலத்தில் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். முன்னொரு காலத்தில் வியாழக்கிழமை மாலையில் தமக்குக் கொடுத்த அந்தச் சிறிது நேரத்தை, இப்போது தமக்காக நினைத்துக்கொள்ள முடியுமா என்று அதில் கேட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. கிரேக்கமும் இலத்தீனும் கற்ற மனிதர், எட்டு வயதில் கிடைத்த ஒரு வியாழக்கிழமையை இன்னும் வைத்திருந்தார்.

உங்கள் மூத்த மகளுக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும். அது எந்தக் கிழமை என்பதை இன்றிரவே அவளிடம் கேளுங்கள்.